ரயிலும் குரலும் நாலு தந்தி வாத்தியமும்: ‘டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்’ முதல்முறை கேட்பவர்களுக்கு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் விடியக்காலம் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் ‘தேனி’ என்று ஒருமுறை சொல்லி நிறுத்துவதில்லை. "தேனி, தேனி, தேனீய்" என்று முதல் இரண்டையும் தட்டையாக ஒரே இடத்தில் வைத்து, மூன்றாவதை மட்டும் மேலே தூக்கி இழுத்து விடுவார் கண்டக்டர். பத்தடி தள்ளி நிற்கும் திண்டுக்கல் வண்டிக்காரர் அதற்கு நேர் எதிராக உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறக்குவார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றால் ஊர்ப் பெயர் கரைந்துபோய் மெட்டு மட்டும் காதில் நிற்கும். இந்தக் காது இருந்தால் போதும், இங்கே நான் சொல்லப்போகும் இசையைக் கேட்க வேறு எந்தப் படிப்பும் வேண்டாம்.

அந்த இசையின் பெயர் ‘டிஃபரன்ட் ட்ரெய்ன்ஸ்’. வெவ்வேறு ரயில்கள் என்று அர்த்தம். அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவ் ரைஷ் 1988-இல் எழுதியது. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, உட்கார்ந்து வாசிக்கும் அடிக்குரல் செல்லோ ஒன்று என்று வாசிக்கும் நால்வர் குழுவும், முன்பே பதிவு செய்து வைத்த ஒலியும் சேர்ந்து நடக்கிறது, மொத்தம் ஏறக்குறைய 27 நிமிடம். ஒரு பகுதிக்கு ஓர் ஆள் என்று சின்னக் குழுவாக உட்கார்ந்து, முன்னால் நின்று குச்சி அசைக்க யாரும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதை மேற்கத்திய சங்கீதத்தில் சேம்பர் மியூசிக் என்பார்கள். நம்மூரில் வயலினும் கீபோர்டும் கற்றுக்கொண்டு கிரேடு தேர்வு எழுதுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், மொசார்ட்டும் பீத்தோவனும் அவர்களுக்குத் தெரியும், ஆனால் நம் காலத்து ஆட்கள் இந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. என் அக்கா மகன் அப்படி ஒருவன். போன வருஷம் இதைப் போட்டுக் காட்டியபோது மூன்று நிமிடம் பொறுத்திருந்துவிட்டு, "மாமா, இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் யோசித்து, அவனை வைத்தே ஒவ்வொன்றாகச் செய்துபார்த்ததுதான் கீழே இருப்பது.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இசையை ஒன்றும் தெரியாமல் வெறும் காதோடுதான் கேட்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேறு பல இசைக்கு அது சரி. இதற்குச் சரிவராது. இதில் வருகிற குரல்கள் யாருடையவை என்று தெரியாமல் கேட்டால் பாதி போய்விடும்.

ரைஷ் பிறந்தது 1936-இல். குழந்தையாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா நியூயார்க்கில், அம்மா லாஸ் ஏஞ்சலஸில். 1939-க்கும் 1942-க்கும் நடுவே பையனை வளர்த்த ஆயாவோடு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நாலு நாள் ரயிலில் போய்ப் போய் வந்திருக்கிறார். சின்னப் பையனுக்கு அது உற்சாகமான பயணம்தான். வளர்ந்த பிறகு அந்த வருஷங்களைத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது: தான் ஒரு யூதன், அதே வருஷங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் வேறு மாதிரி ரயில்களில் ஏற்றப்பட்டிருப்போம். நாஜிகள் யூதர்களை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து வதை முகாம்களுக்குக் கொண்டுபோன ரயில்கள் அவை.

இதை அவர் பாட்டாக எழுதவில்லை. ஆட்களைத் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்தார். தன்னை வளர்த்த ஆயா வர்ஜீனியா, அதே நியூயார்க் – லாஸ் ஏஞ்சலஸ் தடத்தில் புல்மன் தூங்கும் பெட்டிகளில் போர்ட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற லாரன்ஸ் டேவிஸ், இவர்கள் இரண்டு பேரும் தங்கள் ரயில் நாட்களைப் பற்றிப் பேசினார்கள். நாஜிகளின் யூதப் படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்து அமெரிக்கா வந்த மூன்று பேர், ரஷெல்லா, பால், ரேச்சல், இவர்கள் பேசியதை ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். கூடவே முப்பதுகள், நாற்பதுகளின் அமெரிக்க ரயில் ஒலியும் ஐரோப்பிய ரயில் ஒலியும். இந்தப் பேச்சுகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டாக, நாலு சொல், அஞ்சு சொல் என்று வெட்டியெடுத்து, ஒவ்வொரு துண்டும் எந்த ஸ்வரத்தில் ஏறி எங்கே இறங்குகிறது என்று எழுதி, அதையே வாத்தியங்களுக்குக் கொடுத்துவிட்டார். அக்கா மகன் கேட்ட பாட்டு இதுதான். அந்த மனிதர்கள் பேசியதே பாட்டு.

அடுத்து, வீட்டில் ஒருவரைப் பேசவையுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அரைமணி நேர வேலைதான், ஆனால் இதைச் செய்துவிட்டுக் கேட்டால் முதல் நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும்.

வீட்டில் வயதானவர் ஒருவரை, நன்றாகப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது, பழைய பயணம் எதையாவது சொல்லச் சொல்லி அனுமதி கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். நாங்கள் உசிலம்பட்டியில் இருக்கும் என் அத்தையைப் பேசவைத்தோம். மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றுபோய், அகலப் பாதையாகி, 2022 மே மாதம்தான் தேனி வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பித்தது, போடிக்கு 2023-இல் போனது. நடுவே இருந்த அந்தப் பன்னிரண்டு வருஷக் கதையை அத்தை அவ்வளவு விவரமாகச் சொன்னார். அதில் ஒரு வரி: "அன்னைக்கு அங்கிட்டுப் போன ரயிலுதான், அப்பறம் வரவேயில்லப்பா."

கடைசி இரண்டு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, போனிலேயே ஒரு கீபோர்டு ஆப் போட்டு எந்தக் கட்டையோடு சேருகிறது என்று தேடினோம். ‘அப்பறம்’ ஒரே இடத்தில் நிற்கிறது, அதை ஸட்ஜமம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘வரவே’யில் குரல் ஒரே தாவாகத் தாவி பஞ்சமத்துக்குப் பக்கத்தில் போய்த் தொடுகிறது. ‘யில்ல’ அங்கிருந்து சறுக்கி இறங்குகிறது. ‘ப்பா’ ஸட்ஜமத்துக்குச் சற்று மேலே, எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் நிற்கிறது. இருபதாவது தடவை ஓடும்போது அத்தை பேசுவதாகவே தோன்றவில்லை, பாடுகிற மாதிரி இருந்தது. அக்கா மகன் வயலினை எடுத்து அதை வாசித்தான். அடுப்படியில் இருந்து அத்தை எட்டிப்பார்த்து, "என்னய்யா, நான் பேசுற மாதிரியே இருக்கு" என்றார். அவன் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, வில்தான் போட்டான்.

பேச்சுக்குள் மெட்டு இருக்கிறது என்பது நமக்குப் புதிதே இல்லை. எங்கள் பக்கம் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் எந்த இடத்தில் பேச்சை விட்டுப் பாட்டுக்குள் போகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. செத்தவரைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், வரி முடிகிற இடத்தில் குரல் தானாக இழுக்கும், அடுத்த வரி அந்த இழுப்பிலேயே தொடங்கும். ரைஷ் வேலை செய்வது இந்த எல்லையில்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அத்தைக்கு நின்றுபோன ரயிலையும் அந்த மனிதர்களை முகாமுக்குக் கொண்டுபோன ரயிலையும் நான் ஒன்றாக வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அத்தையின் குரல் காதைப் பழக்குவதற்கு மட்டும்.

தொடையில் தட்டிப் பாருங்கள்

வலது, இடது, வலது, வலது. இடது, வலது, இடது, இடது. இரண்டு கையாலும் தொடையில் இதை நிறுத்தாமல் தட்டுங்கள், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. எட்டுத் தட்டு, ‘தகதிமி தகஜனு’ என்று வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் எண்ணிக்கை தவறாது. மேற்கத்திய டிரம் பழகுபவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது, பாரடிடில் என்று பெயர். ரைஷ் பதினாலு வயதில் டிரம் கற்றவர், 1970-இல் கானா நாட்டுக்குப் போய் அங்கத்திய மேளமும் படித்தவர். இந்த இசையில் ரயில் ஓடுகிற ஓட்டமாக வயலின்கள் வாசிப்பது இந்தப் பாரடிடிலைத்தான், வலது கைக்கு ஒரு ஸ்வரம், இடது கைக்கு ஒரு ஸ்வரம் என்று பிரித்துக் கொடுத்த மாதிரி.

ரயில் சத்தம் இப்படியா இருக்கும் என்று இளம் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரலாம். இப்போது தண்டவாளங்களை நீளமாக ஒட்டவைத்துவிடுகிறார்கள், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. துண்டு துண்டாகத் தண்டவாளம் போட்டிருந்த காலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் விழுந்து எழும், அதுதான் அந்தத் தடக்-தடக். இன்றைக்கும் அதைக் கேட்க வேண்டுமானால் மதுரை ஜங்ஷனை விட்டு வண்டி கிளம்பி, கூடல்நகர் பக்கம் போகும் முன்பு தடம் மாறுகிற இடங்களில் காது கொடுங்கள், சக்கரங்கள் வரிசையாக விழுவது பெட்டியின் தரை வழியாகக் காலில் தெரியும்.

சரி, கேட்க உட்காருவோம்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். செல்லோவின் அடிக்குரல் அதில் அறவே வராது, ஆண் குரல்களின் மெட்டெல்லாம் செல்லோவில்தான் இருக்கிறது. சாதாரண இயர்போன் போதும். முதல் தடவை ரயிலில் கேட்பதும் வேண்டாம், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நிஜ ரயிலின் இரைச்சல் பதிவிலுள்ள ரயிலை விழுங்கிவிடும். அதை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரோனாஸ் குவார்டெட் என்ற சான்ஃபிரான்சிஸ்கோ குழு வாசித்த பதிவைத் தேடி எடுங்கள். இது அவர்களுக்காகவே எழுதப்பட்டது, முதலில் அரங்கேற்றியதும் அவர்கள்தான், 1988 நவம்பரில் லண்டனில். அந்தப் பதிவு 1989-இல் வெளிவந்தது, அடுத்த வருஷம் இந்த இசைக்குக் கிராமி விருது கிடைத்தது. குரல்கள் பேசும் ஆங்கிலம் பல இடங்களில் தெளிவாக விழாது, சொற்களை முன்பே தேடியெடுத்து ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

மூன்று பகுதிகள். முதல் நாள் முதல் பகுதியை மட்டும் கேளுங்கள், ஒன்பது நிமிடம்தான். போருக்கு முந்தைய அமெரிக்கா. எடுத்தவுடனே பாரடிடில் ஓட்டம், மேலே ரயில் ஊதுகிறது, ஊர்ப் பெயர்கள் வருகின்றன, சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ். நம் கண்டக்டர் மாதிரியேதான், ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கயிறு தருகிறேன்: பெண் குரல் என்றால் அதன் மெட்டை வியோலா வாசிக்கும், ஆண் குரல் என்றால் செல்லோ. பல இடங்களில் வாத்தியம் முந்திக்கொண்டு மெட்டை வாசித்துவிடும், குரல் பின்னால் வரும். வியோலா வாசிக்கும்போதே அடுத்து ஒரு அம்மா பேசப்போகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டீர்கள். ஊர்ப் பெயர்கள் முடிந்ததும் வருஷங்கள் வரும், 1939, 1940, 1941. வெறும் எண்கள்தான், அந்த எண்கள் வேறொரு கண்டத்தில் என்னவாக இருந்தன என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் தடுமாறும் இடமும் இங்கேதான். நமக்குக் கச்சேரி முழுக்க ஒரே சுருதி, தம்புரா கோடு போட்டுவைத்திருக்கும், எவ்வளவு தூரம் போனாலும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். இதில் அந்த வீடு கிடையாது. ஒவ்வொருவரும் பேசுகிற சுருதி வேறு, வேகம் வேறு, குரல் மாறியதும் வாத்தியங்கள் அந்தக் குரலின் சுருதிக்கும் காலப்பிரமாணத்துக்கும் சட்டென்று மாறிவிடுகின்றன. முதலில் தூக்கிவாரிப் போடும். தாளம் தப்பிவிட்டது என்றுகூட நினைப்பீர்கள். பேசுகிறவரின் குரலை வாத்தியத்துக்காக வளைக்காமல், வாத்தியத்தை அவருக்காக வளைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த இசையில் ஆகப் பிடித்த விஷயம் இந்த மரியாதைதான். நிரவல் கேட்டவர்களுக்கு இன்னொரு துணை உண்டு. நிரவலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், பாடுகிறவர் ஒவ்வொரு தடவையும் அதை வேறுவிதமாக நிரப்புவார். இங்கே குரல் ஒரு இம்மிகூட மாறாது, அதைச் சுற்றி நெய்கிற நெசவுதான் அடர்ந்துகொண்டே போகும்.

ரயில் ஊதலையும் கவனியுங்கள். அமெரிக்க ரயில் நீளமாக ஊதும், இரண்டு ஸ்வரம் சேர்ந்து நிற்கும், ஸட்ஜமமும் பஞ்சமமும், அல்லது ஸட்ஜமமும் சுத்த மத்தியமமும். காதுக்கு இதமாக இருக்கும். ஐரோப்பிய ரயிலின் ஊதல் மூன்று ஸ்வரம் சேர்ந்த குட்டைக் கீச்சல். இந்த ஒரு வித்தியாசமே இரண்டாம் பகுதிக்குள் போனதும் முதுகைச் சிலிர்க்க வைக்கும்.

இரண்டாம் பகுதி

தனியாக இருக்கும்போது கேளுங்கள். ஏழரை நிமிடம். போர் நடக்கும் ஐரோப்பா. மில் சங்கு மாதிரி ஒன்று மெல்ல எழும்பி வரும், அது குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு, இந்தப் பகுதி முழுக்க விடாமல் கூடவே வருகிறது. ரேச்சலும் ரஷெல்லாவும் பாலும் பேசுகிறார்கள். ஜெர்மானியர்கள் நாட்டுக்குள் நுழைந்தது, பால் இரண்டாம் வகுப்பில் இருந்தது, வாத்தியார் வகுப்பில் அவரை நேராக விரல் நீட்டிக் காட்டியது, இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆனது. அப்புறம் மாட்டுப் பெட்டிகள், நாலு பகல் நாலு இரவு, வாயில் நுழையாத போலந்து ஊர்ப் பெயர்கள்.

முதல் பகுதியில் ஊர்ப் பெயர் வந்தபோது நமக்குச் சந்தோஷமாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் நாலு நாள் பயணம்தான். இங்கே அதே வாத்தியங்கள், அதே தடக்-தடக், ஊர்ப் பெயர்தான் மாறியிருக்கிறது. ரைஷ் அழுகை இசை எதையும் சேர்க்கவில்லை, குரலை நடுங்கவைக்கவும் இல்லை. அவர்கள் பேசிய ஸ்வரத்தை அப்படியே வாத்தியத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கடைசியில் நெருப்பும் புகையும் வரும்போது ஓட்டம் ஓய்ந்துவிடும். அங்கே நிறுத்திவிடுங்கள், அன்றைக்கு அடுத்ததைப் போடாதீர்கள். அக்கா மகன் இது முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விட்டான், நானும் கூப்பிடவில்லை.

மூன்றாம் பகுதி போருக்குப் பிறகு, பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். போர் முடிந்துவிட்டது என்று பால் சொல்லும் மெட்டு செல்லோவில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக மற்ற வாத்தியங்களுக்குத் தொற்றும். ரயில்கள் திரும்ப அமெரிக்காவில் ஓடுகின்றன, முதல் பகுதியில் கேட்ட குரல்களும் ஊர்ப் பெயர்களும் திரும்ப வருகின்றன, ஆனால் இரண்டாம் பகுதியைக் கேட்ட காதுக்கு அவை பழைய மாதிரி கேட்காது. முடிவில், முகாமில் நல்ல குரல் உள்ள ஒரு பெண் பாடியதையும், காவல் நின்ற ஜெர்மானியர்கள் அதை ரசித்து, இன்னும் பாடு என்று கேட்டுக் கைதட்டியதையும் ரஷெல்லா சொல்கிறார். சங்கீதம் பிடித்த நாம் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு தடவை வீடியோ

மேடையில் வாசிக்கும் வீடியோக்கள் யூடியூபில் உண்டு. மூன்று பகுதியும் கேட்டு முடித்த பிறகு பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும்: மேடையில் இருப்பது நாலு பேர், காதில் விழுவதோ அதைவிட எவ்வளவோ அதிகம். மூன்று நால்வர் குழுக்களின் பகுதிகளை முன்பே வாசித்துப் பதிவு செய்து குரல்களோடு சேர்த்து ஓடவிடுகிறார்கள், மேடையில் இருப்பது நாலாவது குழு. ஆகப் பதினாறு வாத்தியம். குரல் மாறும்போதெல்லாம் வேகமும் மாறும், ஓடுகிற பதிவோ யாருக்காகவும் நிற்காது, அந்த நாலு பேர் அதோடு எப்படி ஒட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வில்லைப் பாருங்கள். வயலின் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து ரைஷின் ‘இட்ஸ் கொன்னா ரெயின்’ (1965), ‘கம் அவுட்’ (1966) இரண்டையும் கேட்கலாம். வாத்தியமே இல்லாமல் பேச்சுத் துண்டை மட்டும் சுழலவிட்டுச் செய்தவை. பேச்சின் மெட்டுமேல் அவருக்கு இருந்த பிடிப்பு எவ்வளவு பழையது என்று தெரியும், ஆனால் பொறுமை வேண்டும், இவற்றை முதலில் கேட்டிருந்தால் நானே ஓடிப்போயிருப்பேன். நால்வர் குழுப் பக்கம் போக விரும்பினால் ஜார்ஜ் கிரம் 1970-இல் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’. வியட்நாம் போர்க் காலத்தது, டேவிட் ஹாரிங்டன் இதை ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் 1973-இல் குரோனாஸ் குழுவையே தொடங்கினார். வாசிப்பவர்கள் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின்மேல்கூட வில் போடுவார்கள். ஆனால் ஆரம்பமே பூச்சிக் கூட்டம் காதுக்குள் புகுந்த மாதிரி அலறும், இயர்போன் போட்டுக் கேட்பவர்கள் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.